டோக்கன லாக் பண்ணலாமா வேணாமா: ஃபுல் லாக், ராப்பர், குட்டி லாக், வாராவாரம் ஓட்டு, எது யாருக்கு?

"லாக் பண்ணா ஓட்டும் கிடைக்குது, ஃபீலயும் பங்கு வருது, ஆனா நாலு வருஷம்னு போட்டிருக்கான், பண்ணலாமா?" கர்வ் மாதிரி கிரிப்டோ எக்ஸ்சேஞ்சோட சொந்த டோக்கன வாங்கி, குறிப்பிட்ட காலத்துக்கு விக்க முடியாதபடி பூட்டி வெக்கறதுதான் இந்த லாக், இந்தக் கேள்விய நிறைய பேர் கேக்கறாங்க. எல்லாரும் மாட்டிக்கறது ஒரே இடத்துலதான். சைட்ட திறந்தா ஏபிஆர் (வருஷத்துக்கு எத்தன பர்சென்ட் வருமானம்ங்கற எண்) பெரிய எழுத்துல கண்ணுக்கு முன்னாடி நிக்குது, அன்லாக் ஆகற தேதி ஓரத்துல பொடி எழுத்துல இருக்கு. அதனால முடிவும் ஏபிஆர பாத்தே எடுத்துடறாங்க.

நான் எப்பவும் சொல்றது, ஏபிஆர கடைசியா பாருங்க. முதல்ல கேக்க வேண்டியது இதுதான்: இந்த டோக்கன் ஒரு பைசா வருமானம் தரலன்னாலும் அந்த லாக் காலம் முழுக்க இத நான் வெச்சிருப்பேனா? ஆமான்னு மனசார சொல்ல முடிஞ்சா, அதுக்கப்புறம் எந்த லாக்னு பேசலாம். சொல்ல முடியலன்னா எந்த ஏபிஆரும் அந்த முடிவ சரி பண்ணாது, ஏன்னா வருமானம் சில பர்சென்ட்ல வருது, டோக்கன் விலை விழறது பாதி, முக்கால்னு போகுது.

## எத வெச்சு எடை போடணும்

வெளிய வர எவ்ளோ நாள் ஆகும்ங்கறது முதல் விஷயம். நிறைய பேர் இத ஃபிக்சட் டெபாசிட் மாதிரி நெனச்சுக்கறாங்க, ஆனா அதுல அவசரம்னா கொஞ்சம் வட்டி விட்டுக் கொடுத்து உடைச்சிடலாம், இங்க டோக்கன பூட்டி வெக்கறது காண்ட்ராக்ட்ங்கற தானா ஓடற ப்ரோக்ராம், பெரும்பாலான காண்ட்ராக்ட்ல அந்த வழியே எழுதல, கேட்டுப் பாக்க ஆளும் கிடையாது.

ரெண்டாவது, காசு எங்கேர்ந்து வருது. ட்ரேடிங் ஃபீலேர்ந்து வருதா, புதுசா அச்சடிக்கற டோக்கன்லேர்ந்து வருதா, இல்ல "எங்க பூலுக்கு (ட்ரேட் பண்றதுக்காக டோக்கன்கள சேத்து வெச்சிருக்கற தொட்டிக்கு) ஓட்டுப் போடுங்க"ன்னு வேற ப்ராஜெக்ட் குடுக்கற ப்ரைப்பா? மூணையும் கூட்டி ஒரே ஏபிஆரா காட்டுவாங்க. ஃபீ யாரோ உண்மையா ட்ரேட் பண்ணி கட்டின காசு. அச்சடிச்ச டோக்கன்ங்கறது பாதிக்கு மேல உங்க கையில இருக்கற டோக்கனோட மதிப்ப கரைச்சு உங்களுக்கே திருப்பிக் குடுக்கறது. ப்ரைப் மார்க்கெட் சூடா இருந்தா வரும், ஆறினா காணாம போயிடும்.

அப்புறம் வாராவாரம் எவ்ளோ வேலை, உங்க காசுக்கும் உங்களுக்கும் நடுவுல எத்தன காண்ட்ராக்ட் இருக்கு, ரூல மாத்தற அதிகாரம் யார்கிட்ட இருக்கு, கேஸ் செலவு (ஒவ்வொரு ட்ரான்ஸாக்ஷனுக்கும் நெட்வொர்க்குக்குக் கட்டற கட்டணம்) உங்க தொகையில எத்தன பங்கு, இதெல்லாம் பாக்கணும். ஓட்டு உங்களுக்கு நிஜமாவே வேணுமாங்கறதும் ஒரு கேள்விதான். சொந்தமா ஒரு பூல் நடத்தறவங்களுக்கு அது உயிர், மத்தவங்களுக்கு அது விக்கற சரக்கு, அவ்ளோதான்.

## நேரா ஃபுல் லாக்: கர்வ் ஸ்டைல்

இந்த வழிய ஆரம்பிச்சு வெச்சது கர்வ்ங்கற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச், 2020ல. அதோட டோக்கன் சிஆர்வி, லாக் பண்ணா கிடைக்கற ஓட்டு வீசிஆர்வி. ஒரு சிஆர்விய நாலு வருஷம் லாக் பண்ணா ஒரு வீசிஆர்வி, ஒரு வருஷம்னா கால் வீசிஆர்வி. வீசிஆர்விய விக்கவோ அனுப்பவோ முடியாது, அது உங்க அட்ரஸோட ஒட்டிக்கும். கிடைக்கறது மூணு: கர்வ் பூல்கள்ல வர்ற ட்ரேடிங் ஃபீல பாதி வீசிஆர்வி வெச்சிருக்கறவங்களுக்குப் போகுது (முன்னாடி 3சிஆர்விங்கற பூல் டோக்கனா வந்துச்சு, 2024லேர்ந்து கர்வோட சொந்த ஸ்டேபிள்காயின்ல, அதாவது டாலர் மதிப்புலயே நிக்கற மாதிரி செஞ்ச டோக்கன்ல வருது), எந்தப் பூலுக்கு எவ்ளோ புது சிஆர்வி போகணும்னு ஓட்டுப் போடலாம், நீங்களே லிக்விடிட்டி போட்டிருந்தா (மத்தவங்க ட்ரேட் பண்றதுக்காக பூல்ல உங்க டோக்கன போட்டு வெச்சிருந்தா) அதோட சிஆர்வி வருமானம் 2.5 மடங்கு வரைக்கும் பூஸ்ட் ஆகும்.

இப்ப நிறைய பேர் கவனிக்காத விஷயம். வீசிஆர்வி நாளுக்கு நாள் தேயும். 1000 சிஆர்விய நாலு வருஷத்துக்குப் போட்டா முதல் நாள் 1000 வீசிஆர்வி இருக்கும், ஒரு வருஷம் கழிச்சு 750, ரெண்டு வருஷத்துல 500, கடைசி நாள் பூஜ்யம். ஃபீ பங்கும் இந்தக் கணக்குலதான் வருது. அப்ப மொத்த காலத்துக்கும் சராசரி 500தான். மத்ததெல்லாம் அப்படியே இருந்தாலும், முதல் நாள் ஸ்க்ரீன்ல 12%னு பாத்து உள்ள போனவருக்கு நாலு வருஷ சராசரியா கையில வர்றது 6% பக்கம்.

தேயக்கூடாதுன்னா லாக்க திரும்பத் திரும்ப நீட்டிக்கிட்டே இருக்கணும். நீட்டினா 1000 அப்படியே நிக்கும், ஆனா வெளிய வர்ற தேதியும் எப்பவும் இன்னிக்கிலேர்ந்து நாலு வருஷம் தள்ளியே நிக்கும். அதாவது ஸ்க்ரீன்ல காட்டற ஏபிஆர முழுசா வாங்கற ஒருத்தர் எப்பவுமே வெளிய வர முடியாத நிலைமையில இருக்கறவர். ஏபிஆர் எண்ணுக்குள்ள இந்த நிபந்தனை ஒளிஞ்சிருக்கு, யாரும் எடுத்துச் சொல்றதில்ல.

இன்னொண்ணு, ஒரு அட்ரஸுக்கு ஒரே முடிவு தேதிதான். அப்புறமா கொஞ்சம் சேத்தாலும் அதே தேதிக்குப் போகும், தேதிய நீட்டினா மொத்தமும் நீளும். கொஞ்சம் ஒரு வருஷத்துக்கு, கொஞ்சம் நாலு வருஷத்துக்குன்னு பிரிச்சுப் போடணும்னா தனித்தனி வாலட் வேணும், இத லாக் பண்றதுக்கு முன்னாடியே யோசிக்கணும், பின்னாடி மாத்த முடியாது.

விலை விஷயம் தனியா சொல்லணும். 2022 ஜனவரில சிஆர்வி 6 டாலர் பக்கம் இருந்துச்சு. 2023 ஜூலை 30 அன்னிக்கு காண்ட்ராக்ட் எழுதற வைப்பர் மொழியோட கம்பைலர்ல சில பழைய வெர்ஷன்ல இருந்த ஓட்டையால கர்வோட சில பூல்கள் ஹேக் ஆச்சு, விலை சரிஞ்சது. 2024 ஜூன்ல கர்வ் ஆரம்பிச்ச மைக்கேல் எகோரோவ் சிஆர்விய அடமானமா வெச்சு எடுத்திருந்த கடன்கள் லிக்விடேட் ஆனப்போ (அடமானம் தானா விக்கப்பட்டப்போ) 0.25 டாலருக்கும் கீழ போச்சு. ஆறு டாலர்ல நாலு வருஷம் லாக் பண்ணவர் இத எல்லாத்தையும் கைய கட்டிக்கிட்டு பாத்துட்டுத்தான் இருந்திருக்கணும். வருஷத்துக்கு 20% ஃபீ வந்திருந்தாலும் அந்தச் சரிவுக்குப் பக்கத்துல கூட வராது.

சரி, அப்ப யாருக்கு இது நல்லது? கர்வ்ல பெரிய தொகைக்கு லிக்விடிட்டி போட்டு பூஸ்ட்ட நேரா வாங்கறவங்களுக்கு, தன்னோட டோக்கனோட பூலுக்கு வாராவாரம் எமிஷன் (புதுசா அச்சடிக்கற டோக்கன்) வர வெக்கணும்ங்கற ப்ராஜெக்ட்டுகளுக்கு, நடுவுல வேற எந்தக் காண்ட்ராக்ட்டையும் நம்ப விரும்பாதவங்களுக்கு. பேலன்சர்ங்கற இன்னொரு எக்ஸ்சேஞ்ச்லயும் இதே யோசனைதான் வந்துச்சு, ஆனா அங்க அவங்க டோக்கன் பேல் 80 பங்கும் ஈத் 20 பங்கும் கலந்த பூல் டோக்கனத்தான் லாக் பண்ணணும்னு வெச்சாங்க, அதிகபட்சம் ஒரு வருஷம். நாலுக்கு ஒண்ணுங்கறது பெரிய வித்தியாசம்.

## ராப்பர்: சிவிஎக்ஸ்சிஆர்வி மாதிரி

2021 மே மாசம் வந்த கான்வெக்ஸ் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது. உங்க சிஆர்விய அவங்க வாங்கி நிரந்தரமா லாக் பண்ணிடுவாங்க, பதிலுக்கு விக்கக்கூடிய இன்னொரு டோக்கனா சிவிஎக்ஸ்சிஆர்வி தருவாங்க, இததான் ராப்பர்னு சொல்றது. அத ஸ்டேக் பண்ணா (அவங்க காண்ட்ராக்ட்ல போட்டு வெச்சா) கர்வ் ஃபீயும் வரும், கான்வெக்ஸ் வழியா லிக்விடிட்டி போட்டவங்க வருமானத்துல ஒரு பங்கும் வரும். தேய்மானக் கவலை கிடையாது, நீட்டற வேலையும் கிடையாது. வெளிய போகணும்னா மார்க்கெட்ல வித்துடலாம்.

வித்துடலாம்ங்கற வார்த்தையிலதான் எல்லாமே இருக்கு. சிஆர்விலேர்ந்து சிவிஎக்ஸ்சிஆர்விக்குப் போற கதவு மட்டும்தான் காண்ட்ராக்ட்ல இருக்கு, திரும்பி வர்ற கதவு கிடையாது. திரும்பணும்னா வேற யாராவது வாங்கணும், அவங்க என்ன விலைக்கு வாங்கறாங்களோ அதுதான். எல்லாரும் ஒரே நேரத்துல ஓடற நாள்ல தள்ளுபடி பெருசாகும், அந்த நாள்லதான் நீங்களும் ஓடணும்னு நெனப்பீங்க.

அதனால ராப்பர் வேணும்னு முடிவு பண்ணா நேரா கன்வெர்ட் பட்டன அமுக்காதீங்க, முதல்ல பூல்ல விலைய பாருங்க. ஒரு கணக்குக்கு, ஒரு சிவிஎக்ஸ்சிஆர்வி 0.8 சிஆர்விக்கு ஓடுதுன்னு வெச்சுக்கோங்க. 1000 சிஆர்விய கன்வெர்ட் பண்ணா 1000 கிடைக்கும், அதே 1000த்த பூல்ல ஸ்வாப் பண்ணா 1250 பக்கம் கிடைக்கும். அதே டோக்கன், அதே வருமானம். தள்ளுபடி இருக்கறப்போ கன்வெர்ட் பண்றது இருபது பர்சென்ட்ட அப்படியே தூக்கிக் குடுக்கறது.

ஓட்டு? அது சிவிஎக்ஸ்சிஆர்வி வெச்சிருக்கறவங்களுக்கு வராது, கான்வெக்ஸோட சொந்த டோக்கனான சிவிஎக்ஸ் லாக் பண்ணவங்க கைக்குப் போயிடும். கொஞ்சம் ஓட்டும் கையில இருக்கணும்னா ஸ்டேக்டாவோங்கற இன்னொரு ப்ராஜெக்ட்டோட ராப்பர் எஸ்டிசிஆர்விய பாக்கலாம். எதுவா இருந்தாலும் இப்ப கர்வ் காண்ட்ராக்ட்டோட சேத்து ராப்பர் காண்ட்ராக்ட், அதோட பூல், அந்த டீம்னு நம்ப வேண்டிய லிஸ்ட் நீளுது.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், வெறும் லிக்விடிட்டி போடறவங்களா இருந்தா இவ்ளோ யோசிக்கவே வேணாம். கான்வெக்ஸ் வழியா போட்டா ஒரு சிஆர்வி கூட லாக் பண்ணாம அவங்க பூஸ்ட் உங்களுக்கும் கிடைக்கும், வர்ற சிஆர்வில 17% அளவுக்கு அவங்க கமிஷன் எடுத்துக்குவாங்க. சின்ன தொகைக்கு அந்தக் கமிஷன் நாலு வருஷ லாக்க விட ரொம்ப மலிவு.

## குட்டி லாக்: விஎல்சிவிஎக்ஸ்

கர்வோட ஓட்டுல பெரும் பங்கு கான்வெக்ஸ்கிட்ட குவிஞ்சதால அந்த ஓட்ட ஆளற சிவிஎக்ஸுக்கு மவுசு வந்துச்சு. சிவிஎக்ஸ லாக் பண்ணா அதுக்குப் பேரு விஎல்சிவிஎக்ஸ், லாக் பண்ற காலம் 16 வாரம் சொச்சம்தான். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஓட்டு, அத வோட்டியம் மாதிரி ப்ரைப் சந்தையில டெலிகேட் பண்ணிட்டா (உங்க சார்பா ஓட்டுப் போட ஒப்படைச்சுட்டா) அவங்களே ப்ரைப் அதிகம் வர்ற இடமா பாத்துப் போட்டுடுவாங்க, நீங்க வந்து க்ளெய்ம் பண்ணா போதும்.

நாலு மாசம்ங்கறது மனுஷன் தாங்கக்கூடிய காலம். எனக்கு இந்த வகைதான் பொதுவா நியாயமா படுது, ஏன்னா தப்பான முடிவா இருந்தாலும் அதுக்கு ஒரு எல்லை இருக்கு. ஆனா வருமானத்துல பெரும் பங்கு ப்ரைப். 2021, 2022ல ஸ்டேபிள்காயின் ப்ராஜெக்ட்டுகள் எல்லாம் கர்வ் எமிஷனுக்கு அடிச்சுக்கிட்ட நேரத்துல வந்த எண்ண வெச்சு இன்னிக்கு கணக்குப் போடக்கூடாது. சிஆர்வி எமிஷனே வருஷா வருஷம் ஆகஸ்ட்ல 16% பக்கம் கொறையற மாதிரி எழுதியிருக்கு, எமிஷன் கொறஞ்சா அத திருப்பறதுக்கு குடுக்கற ப்ரைப்பும் கொறையும்.

மறக்கக்கூடாத ஒரு விஷயம், லாக் முடிஞ்ச டோக்கனுக்கு ஓட்டு கிடையாது, தானா திரும்ப லாக்கும் ஆகாது. முடிஞ்சும் நாலஞ்சு வாரத்துக்கு மேல எடுக்காம விட்டா வெளியாள் யார் வேணாலும் உங்கள கிக் பண்ணி (உங்க டோக்கன லாக்லேர்ந்து வெளிய தள்ளி) அதுல ஒரு சின்ன பங்க எடுத்துக்கலாம். அந்த வேலைக்குன்னே பாட் ஓட்டறவங்க இருக்காங்க. காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கோங்க.

## வாராவாரம் ஓட்டு: ஏரோட்ரோம், வெலோட்ரோம்

கிரிப்டோ டெவலப்பர் ஆண்ட்ரே க்ரோன்யே 2022ல சாலிட்லிங்கற எக்ஸ்சேஞ்ச் மூலமா கொண்டு வந்த டிசைன்லேர்ந்து வளந்தது இது. வெலோட்ரோம் எக்ஸ்சேஞ்ச் 2022ல ஆப்டிமிசம்ல வந்துச்சு, ஏரோட்ரோம் 2023 ஆகஸ்ட்ல பேஸ்ல. ஆப்டிமிசமும் பேஸும் எத்தீரியம் மேல ஓடற மலிவான நெட்வொர்க்குகள். இங்க ட்ரேடிங் ஃபீ முழுக்க ஓட்டுப் போட்டவங்களுக்கு, அதுவும் நீங்க எந்தப் பூலுக்கு ஓட்டுப் போட்டீங்களோ அந்தப் பூலோட ஃபீ மட்டும். லிக்விடிட்டிய ஸ்டேக் பண்ணவங்களுக்கு எமிஷன். லாக் நாலு வருஷம் வரைக்கும், ஆனா அது என்எஃப்டியா (தனித்தனியா கைமாத்தக்கூடிய டிஜிட்டல் பத்திரம் மாதிரி) வருது, ஏரோட்ரோம்ல அதுக்குப் பேரு வீஏரோ, அதனால அந்த என்எஃப்டிய இன்னொருத்தர்கிட்ட விக்க முடியும், வாங்கறவர் கேக்கற தள்ளுபடிக்கு.

வாரம் யுடிசி நேரப்படி வியாழன் பூஜ்யம் மணிக்கு மாறும். ஓட்டுப் பக்கத்துல ஒவ்வொரு பூலுக்கும் ஒரு ஏபிஆர் தெரியும், அது அந்த நிமிஷம் வரைக்கும் விழுந்த ஓட்ட வெச்சு போட்ட கணக்கு. திங்கக்கெழம ஒரு பூல் பெரிய எண்ணா மின்னும், நீங்க மொத்த ஓட்டையும் அங்க போட்டுட்டு நிம்மதியா இருப்பீங்க, பெரிய கைங்க புதன் ராத்திரி கடைசி நேரத்துல வந்து அதே பூல்ல கொட்டுவாங்க, வியாழன் காலைல பாத்தா உங்க பங்கு சுருங்கியிருக்கும். வாரத்துக்கு ஒரு தடவதான் போட முடியும், மாத்த வழியில்ல. அதனால சீக்கிரம் போடறவங்க நாலஞ்சு நிலையான பூலுக்குப் பிரிச்சுப் போடறது நல்லது.

வருமானமும் ஒரே டோக்கனா வராது, ஒவ்வொரு பூலோட ரெண்டு டோக்கன், அதுக்கு மேல இன்சென்டிவ் (ப்ரைப்) டோக்கன்னு பொடிப்பொடியா சேரும். எல்லாத்தையும் க்ளெய்ம் பண்ணி, ஸ்வாப் பண்ணி, கணக்கு எழுதி வெக்கணும். பேஸ்ல கேஸ் ரொம்பக் கம்மிங்கறதால இது நடக்கற காரியம். இதே வேலைய எத்தீரியம் மெயின்நெட்ல சின்ன தொகைக்கு பண்ணா, நெட்வொர்க் பிசியா இருக்கற நாள்ல க்ளெய்ம் செலவே வந்த காச தின்னுடும்.

ஆட்டோ மேக்ஸ் லாக்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், போட்டா ஓட்டு தேயாது. அத அணைக்கற நாள்லேர்ந்துதான் நாலு வருஷம் எண்ண ஆரம்பிக்கும். தெரிஞ்சு போடுங்க.

## லாக்கே இல்லாம

சும்மா வெச்சிருந்தா ஓட்டு இல்ல, ஃபீ இல்ல, எமிஷன் வர வர உங்க பங்கும் கொஞ்சம் கரையும். அதுக்குப் பதிலா எந்த நிமிஷமும் விக்கலாம். இத சோம்பேறித்தனம்னு நெனைக்காதீங்க, நிலையில்லாத டோக்கன்ல விக்கற உரிமைதான் இருக்கறதுலயே விலை அதிகமான சரக்கு. ஒரு வருஷத்துக்குள்ள அந்தக் காசு தேவைப்படலாம்னா, இல்ல அந்த டோக்கன் மொத்த சேமிப்புல பெரும் பங்குன்னா, இந்த வழிதான்.

## ஒரே பார்வையில

| | வெளிய வர | வருமானம் எங்கேர்ந்து | ஓட்டு | வேலை |
|---|---|---|---|---|
| வீசிஆர்வி | 4 வருஷம் வரை, நடுவுல வழியில்ல | ட்ரேடிங் ஃபீ, பூஸ்ட், ப்ரைப் | முழுசா உங்ககிட்ட | நீட்டறது, ஓட்டு, க்ளெய்ம் |
| சிவிஎக்ஸ்சிஆர்வி | எப்ப வேணா, தள்ளுபடியோட | ஃபீ, கான்வெக்ஸ் பங்கு | இல்ல | ஸ்டேக் பண்ணி க்ளெய்ம் |
| விஎல்சிவிஎக்ஸ் | 16 வாரம் சொச்சம் | பெரும்பாலும் ப்ரைப் | உண்டு, டெலிகேட் பண்ணலாம் | கம்மி, ரீலாக் மறக்கக்கூடாது |
| வீஏரோ | 4 வருஷம் வரை, என்எஃப்டிய விக்கலாம் | ஓட்டுப் போட்ட பூலோட ஃபீ, இன்சென்டிவ் | உண்டு | வாராவாரம் |
| லாக் இல்ல | உடனே | எதுவும் இல்ல | இல்ல | இல்ல |

## டேபிள்ல வராத செலவு

வாலட்தான் முதல்ல. வீசிஆர்விய வேற அட்ரஸுக்கு மாத்த முடியாதுன்னு சொன்னேன்ல, அதோட அர்த்தம், இன்னிக்கு எந்த வாலட்லேர்ந்து லாக் பண்றீங்களோ அந்த சாவிய (வாலட்ட திறக்கற ரகசிய கீய) நாலு வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும். நடுவுல சாவி லீக் ஆச்சுன்னா மத்த டோக்கன எல்லாம் உடனே புது வாலட்டுக்கு மாத்திடலாம், இத முடியாது. திருடன் வாராவாரம் ஃபீ எடுப்பான், அன்லாக் நாள்ல உங்களுக்கு முன்னாடி வந்து நிப்பான். அதனால தினமும் கண்ட சைட்ல கனெக்ட் பண்ற வாலட்லேர்ந்து நீண்ட லாக் போடவே போடாதீங்க, ஹார்ட்வேர் வாலட்ல இதுக்குன்னு தனி அட்ரஸ் வெச்சுக்கோங்க.

அடுத்தது ரூல் மாறறது. பேன்கேக்ஸ்வாப்ங்கற எக்ஸ்சேஞ்ச் 2023 நவம்பர்ல தன்னோட கேக் டோக்கன லாக் பண்ற வீகேக் கொண்டு வந்துச்சு, நாலு வருஷம் வரைக்கும் லாக். 2025 ஏப்ரல்ல ஓட்டெடுப்பு நடத்தி அந்த மொத்த அமைப்பையும் மூடிட்டு லாக்க எல்லாம் திறந்து விட்டுட்டாங்க. மாட்டிக்கிட்டு இருந்தவங்களுக்கு சந்தோஷம்தான், ஆனா வீகேக் ஓட்ட நம்பி அதுக்கு மேல ராப்பரும் ப்ரைப் பிசினஸும் கட்டினவங்களுக்கு அடித்தளமே போச்சு, எதிர்ப்பு சொன்னாங்க, ஓட்டுல அது நிக்கல. நீங்க லாக் பண்றது நாலு வருஷத்துக்கு, அந்த நாலு வருஷமும் இதே ரூல் இருக்கும்னு எந்தக் காண்ட்ராக்ட்டும் உத்தரவாதம் குடுக்கல.

வரி பத்தி சுருக்கமா: நிறைய நாடுகள்ல ரிவார்ட் கைக்கு வந்த நாளோட விலையில அது வருமானம். அப்புறம் அந்த டோக்கன் விழுந்தாலும் வரி வந்த நாள் விலைக்குத்தான். அசல் லாக்ல கிடக்கறதால அத வித்து வரி கட்டவும் முடியாது. வந்த ரிவார்ட்லேர்ந்து அப்பப்ப ஒரு பங்க ஸ்டேபிள்காயினா ஒதுக்கி வெச்சுடுங்க.

## அப்ப எத எடுக்கறது

தொகை சின்னது, ஓட்டுல ஆர்வம் இல்ல, ஃபீ மட்டும் வேணும்னா ராப்பர், அதுவும் தள்ளுபடில வாங்கி. கர்வ்ல லிக்விடிட்டி மட்டும் போடறீங்கன்னா லாக்க மறந்துட்டு கான்வெக்ஸ் வழியா போங்க. இந்தத் துறைய கவனிச்சுக்கிட்டே இருக்கறவர், நாலு மாசம் காசு இல்லாம சமாளிப்பேன்னா விஎல்சிவிஎக்ஸ். வாராவாரம் உக்காந்து பூல் பாக்கறது உங்களுக்குப் பிடிச்ச வேலையா இருந்தா ஏரோட்ரோம், ஆனா ஆசையில்லாம போனா மூணாவது மாசம் விட்டுடுவீங்க, பழைய ஓட்டு செத்த பூல்ல கிடக்கும். நேரா நாலு வருஷ லாக் ப்ராஜெக்ட் நடத்தறவங்களுக்கும் பெரிய லிக்விடிட்டி வெச்சிருக்கறவங்களுக்கும் பொருந்தும், சாதாரணமா ஆயிரம் ரெண்டாயிரம் டாலர் வெச்சிருக்கற ஒருத்தருக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

ஏற்கனவே ஃபுல் லாக் போட்டுட்டு இத படிக்கறவங்களும் இருப்பீங்க. தேதிய நீட்டறத மட்டும் நிறுத்துங்க, ஓட்டு தேஞ்சாலும் பரவால்ல. ஃபீய க்ளெய்ம் பண்ணி அதே டோக்கன்ல திரும்பப் போடாம ஸ்டேபிளா எடுத்து வைங்க. உங்க ஓட்டுக்கு ப்ரைப் குடுக்கற மார்க்கெட் இருக்கான்னு பாருங்க, நிறைய பேர் ஓட்டே போடாம அந்தக் காச விட்டுடறாங்க. கர்வ்ல கேஜ் ஓட்ட (எந்தப் பூலுக்கு எவ்ளோ சிஆர்வின்னு போடற ஓட்ட) ஒரு தடவ போட்டா பத்து நாளைக்கு மாத்த முடியாது, அத கணக்குல வெச்சுக்கிட்டு போடுங்க. "சீக்கிரம் அன்லாக் பண்ணித் தர்றோம்"னு மெசேஜ் அனுப்பறவன் எவனா இருந்தாலும் அந்த லிங்க்ல வாலட்ட கனெக்ட் பண்ணாதீங்க, வீசிஆர்வி காண்ட்ராக்ட்ல அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாது.